தாராபுரத்துக் காற்றுக்கு எந்த டிஸ்க்?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ரமோனா என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் புல்வெளி, தடையில்லாத காற்று. 2024 ஏப்ரல் 14 அன்று லிதுவேனியாவின் மைக்கோலாஸ் அலெக்னா அங்கே வட்டு எறிந்தார். 74.35 மீட்டர் போய் விழுந்தது. கிழக்கு ஜெர்மனியின் யூர்கன் ஷுல்ட் 1986இல் எறிந்த 74.08 மீட்டரை 38 ஆண்டுகளாக எவராலும் தாண்ட முடியவில்லை. அது அன்றைக்கு உடைந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 13 அன்று அதே ரமோனாவில் அலெக்னா 75.56 மீட்டர் எறிந்தார். நம் விகாஸ் கவுடா 2012இல் 66.28 மீட்டர் எறிந்து தேசிய சாதனை படைத்த நார்மன் நகரமும் ஓக்லஹோமாவில்தான் இருக்கிறது.

ஓட்டப் பந்தயத்திலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனையை ஏற்க மாட்டார்கள். வட்டு எறிதலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் எறிபவர்கள் காற்றைத் தேடிப் போகிறார்கள். இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம்தான் வரும்.

தாராபுரத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுப் பக்கம் இடைவெளி விட்டு நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து, வேகம் கூடி, உடுமலை, பல்லடம், காங்கயம், தாராபுரம் என்று கிழக்கே அடித்துக்கொண்டு வரும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, நமக்கு வெறுங்காற்றை அனுப்பும். 1990களிலிருந்து இங்கே காற்றாலைகள் முளைத்ததற்கு அந்தக் காற்றே காரணம். மின்சாரத்துக்குப் பயன்படுகிற இந்தக் காற்றை விளையாட்டுக்கு நாம் இன்னும் பயன்படுத்தவில்லை. ஆடிக்காற்றில் வெட்டவெளியில் நின்று டிஸ்க் எறிந்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நான் சொல்வது டிஸ்க் கோல்ஃப் டிஸ்க். குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. பந்துக்கும் மட்டைக்கும் பதில் கையளவு பிளாஸ்டிக் தட்டு. எத்தனை குறைந்த எறிகளில் கூடைக்குள் விழுகிறது என்பதே ஆட்டம். ஃப்ரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். 2002இல் அவர் இறந்தபின் அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். சென்னைக் கடற்கரையில் இளைஞர்கள் ஆடுகிற அல்டிமேட் ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த டிஸ்க் 175 கிராம், 27 சென்டிமீட்டர் அகலம், விளிம்பு உருண்டையாக இருக்கும். பிடிப்பதற்கென்றே செய்தது.

தூரத்துக்கென்று செய்த டிரைவர் டிஸ்க்கின் சங்கதி வேறு. 1983இல் டேவ் டனிபேஸ் இன்னோவா நிறுவனத்தின் மூலம் விளிம்பைச் சரிவாகச் சீவிய டிஸ்க்கைக் கொண்டுவந்தார். அதன்பின் இந்த ஆட்டத்தின் தூரக் கணக்கே மாறிவிட்டது. இன்றைய டிரைவர் 21 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். நடுப்பகுதி மெல்லிசு, எடையெல்லாம் விளிம்பில் திரண்டிருக்கும். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினால் கூர்மையாக உணர்வீர்கள். விளிம்பின் அகலம் 2 சென்டிமீட்டருக்கு மேலேயே இருக்கும், 2.6 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. எடை விளிம்பில் இருப்பதால் சுழற்சி நீடிக்கிறது. ஓரம் கூராக இருப்பதால் காற்றைக் கிழித்துப் போகிறது.

டிஸ்க்கின் முதுகில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் வேகம்: அந்த டிஸ்க் ஒழுங்காகப் பறக்க எவ்வளவு வேகத்தில் எறிய வேண்டும் என்பது. இரண்டாவது மிதப்பு. மூன்றாவது, வேகமாகப் போகும்போது எந்த அளவு வலப்பக்கம் சாயும் என்பது. இதைக் கழித்தல் குறியோடு எழுதுவார்கள். நான்காவது, வேகம் குறைந்து இறங்கும்போது எவ்வளவு இடப்பக்கம் வளையும் என்பது. வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே இழுத்து எறிவதை வைத்துச் சொன்ன கணக்கு இது. இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். டெஸ்ட்ராயர் என்ற பேர்போன டிரைவருக்கு 12, 5, -1, 3. லெப்பர்டுக்கு 6, 5, -2, 1.

கடைசி எண்ணை அனுபவித்துத்தான் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். என்னோடு வந்து எறிந்து பார்த்த பையன் ஒருவன், உள்ளூர்ப் பள்ளியில் வட்டு எறிகிறவன், நல்ல தோள்பலம் உள்ளவன், பத்து எறி முடிவதற்குள் சலித்துப்போய்க் கேட்டான்: "ஏனுங்க மாமா, நான் நேராத்தானுங்க எறியறேன். எப்பப் பாத்தாலும் பீச்சாங்கைப் பக்கமே போவுதுங்களே?"

அவன் கையில் இருந்தது வேகம் 12 டிஸ்க். சுழலும் பம்பரத்தின் தலையை ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். தள்ளிய பக்கம் போகாது, அதற்குக் குறுக்கான பக்கம் நகரும். டிஸ்க்கிலும் அதுதான் நடக்கிறது. மெதுவாகப் போகும் டிஸ்க்கின் முன்மூக்கைக் காற்று மேலே தூக்குகிறது. மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போலச் சுழல்வதால், அந்தத் தூக்கல் இடப்பக்கச் சாய்வாக மாறிவிடுகிறது. மிக வேகமாகப் போகும்போது நிலைமை நேர்மாறு: காற்று மூக்கைக் கீழே அழுத்தும், டிஸ்க் வலப்பக்கம் சாயும். முதலில் வலம், பிறகு நேர், கடைசியில் இடம் என்று நீண்ட வளைவாகப் போவதுதான் டிரைவரின் முழுப் பறப்பு. வேகம் 12 டிஸ்க்குக்கு ஏறக்குறைய மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் கொடுத்தால்தான் முதல் பாதி நடக்கும். அவ்வளவு வேகம் கையில் இல்லாதபோது கடைசிப் பாதி மட்டும்தான் நடக்கும். பையன் கண்டது அந்தக் கடைசிப் பாதியை.

சுழற்சிதான் பறப்பை நிலைநிறுத்துகிறது என்பது நம் மண்ணில் கைப்பழக்கமாகவே இருந்த அறிவு. ஆங்கிலேயக் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவு நூலில், சின்ன மருதுதான் தனக்கு வேல் எறியவும், சுழன்று பறக்கும் எறிகோலான வளரியை வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார். நூறு கஜத்துக்குள் வளரியின் குறி தப்பாது என்பது அவர் கணிப்பு.

இனி, காற்று. டிஸ்க்குக்குத் தரையைத் தெரியாது. தன்னைச் சுற்றி ஓடும் காற்றின் வேகம் மட்டுமே அதற்குத் தெரியும். எதிர்காற்றில் எறிந்தால், உங்கள் கை கொடுத்ததைவிட அதிக வேகத்தில் எறிந்ததுபோல அது நடந்துகொள்ளும்: வலப்பக்கம் புரளும், மேலே எழும்பும், சில நேரம் கவிழ்ந்தே போகும். பின்காற்றில் வேகம் குறைந்ததுபோல: மிதப்பு போய்விடும், சீக்கிரம் இடப்பக்கம் இறங்கும்.

ஆனி, ஆடியில் எங்கள் ஊர்க் காற்று அநேகமாக மேற்கிலிருந்து வரும். சந்தேகம் இருந்தால் காற்றாலையைப் பாருங்கள். இறக்கைகளின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்துதான் காற்று. அப்படியானால் எந்தத் திசை பார்த்து எறிகிறோம் என்பதை வைத்தே டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிடலாம். மேற்கே பார்த்து எறிவதென்றால் வலப்பக்கம் புரளாத, முரட்டு டிஸ்க் வேண்டும். ஃபயர்பேர்டு (9, 3, 0, 4) இதற்கென்றே பிறந்தது. அமைதியான காற்றில் இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு விழும் இந்த டிஸ்க், ஆடிக்காற்றுக்கு எதிரே நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். கிழக்கே எறிவதென்றால் லெப்பர்டு, வால்கைரி (9, 4, -2, 2) மாதிரி வலப்பக்கம் இளகிச் சாயும் டிஸ்க்கை உயரமாக விட வேண்டும். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

குறுக்குக் காற்றுதான் கற்கக் கடினமானது. இறங்கும்போது டிஸ்க் இடப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வடக்குப் பார்த்து எறிந்தால் மேற்குக்காற்று அதன் முதுகில் அடித்துத் தரையோடு அமுக்கும், தூரம் வெட்டுப்படும். தெற்குப் பார்த்து எறிந்தால் அதே காற்று வயிற்றில் அடித்துத் தூக்கி, நினைத்த இடத்தைத் தாண்டிக் கிழக்கே கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

எடையிலும் யோசிக்க வேண்டும். டிரைவர்கள் 150 கிராமிலிருந்து 175 கிராம் வரை வரும். இலேசானது மெதுவான கைக்கு எளிதாகத் தூரம் போகும். ஆனால் காற்று அதை எடுத்து விளையாடும். தாராபுரத்தில் காற்றுப் பருவத்துக்கு 170 கிராமுக்கு மேல், தை மாதக் காலை நேரத்துக்கு இலேசானது என்பது என் முடிவு. பிளாஸ்டிக்கும் முக்கியம். விலை குறைந்த சாதாரண பிளாஸ்டிக் நம் வெயிலில் இளகும். சுக்கான்கல் நிலத்தில் நாலு தடவை மோதினால் விளிம்பு செதுக்குப்பட்டு, முரட்டு டிஸ்க்கும் வலப்பக்கம் புரள ஆரம்பித்துவிடும். கடின பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். இந்த டிஸ்க்குகளை நம் ஊர்க் கடைகளில் பார்க்க முடியாது, இணையத்தில்தான் வரவழைக்க வேண்டும் என்பதால் முதல் தேர்விலேயே கவனம் தேவை. வேகம் 12, 13 என்ற பெரிய எண்ணைப் பார்த்து மயங்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்வது. ஆறிலோ ஏழிலோ தொடங்குங்கள். 60 மீட்டர் நேராக எறியப் பழகிய பிறகு ஒன்பதுக்குப் போங்கள். 90 மீட்டர் வராமல் பன்னிரண்டு வேண்டாம்.

எறிவதில் பலத்தைவிட வரிசைதான் பெரிது. நான்கு விரல்களையும் விளிம்புக்கு உள்ளே மடக்கி, கட்டைவிரலை மேலே அழுத்திப் பிடிக்க வேண்டும். இலக்குக்கு வலத்தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நின்று, கையைப் பின்னால் நீட்டி, டிஸ்க்கை மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து வர வேண்டும். முன்கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கடைசியில்தான் கை வரவேண்டும். கையை முன்னால் வீசி இழுப்பவர்களுக்கு இருபது மீட்டர் அங்கேயே போய்விடும். இதையெல்லாம் சரியாகச் செய்தும் தூரம் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: விடும்போது டிஸ்க்கின் மூக்கு மேலே தூக்கியிருக்கும். "மூக்கக் கொஞ்சம் கீழ அமுத்து கண்ணு" என்று அந்தப் பையனிடம் சொல்லி, லெப்பர்டைக் கையில் கொடுத்தேன். மணிக்கட்டைச் சிறிது கீழே வளைத்து விட்டான். பனை உயரத்துக்கு ஏறிச் சுருண்டு விழுந்துகொண்டிருந்தது போய், ஆளுயரத்தில் நீண்டு போனது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் செய்து பழகியவர்களுக்குப் பக்கவாட்டு எறி இன்னும் சீக்கிரம் கைவரும். அதில் சுழற்சி எதிர்த்திசை என்பதால் வளைவும் எதிர்ப்பக்கம்.

உலகச் சாதனையைக் கேட்டால் நம்பக் கடினமாக இருக்கும். 2016 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், பிரிம் என்ற இடத்தில், டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் எறிந்த டிஸ்க் 338 மீட்டர் பறந்தது. முந்தைய நாள் அங்கே ஜெனிஃபர் ஆலன் எறிந்த 173.3 மீட்டர் பெண்கள் சாதனை. தொழில்முறை வீரர்களே போட்டியில் 120, 150 மீட்டர்தான் எறிகிறார்கள். மீதியைப் பலமான பின்காற்று தந்தது. இரண்டு கிலோ வட்டுக்கு எதிர்காற்று உதவி, 175 கிராம் டிஸ்க்குக்குப் பின்காற்று உதவி. ஒரே வயலில், ஒரே ஆடி மதியத்தில், வட்டு எறிபவர் மேற்கே பார்த்தும் டிஸ்க் எறிபவர் கிழக்கே பார்த்தும் நின்றால் இருவருக்கும் காற்று துணை நிற்கும்.

அந்த வயலும் நம்மிடம் இருக்கிறது. தாராபுரம், மூலனூர், காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளைச் சொல்கிறேன்: சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். கூடை வைத்து ஆட இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அது மாடுகளின் மேய்ச்சல் நிலம். உடையவரிடம் கேட்காமல் வேலிப்படலைத் திறக்கக்கூடாது. மாடு மேயும்போது எறியவே கூடாது. 175 கிராம் கூர்விளிம்பு மணிக்கு நூறு கிலோமீட்டரில் வந்து பட்டால் மனிதருக்கும் மாட்டுக்கும் பலத்த காயம் ஏற்படலாம். ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதி செய்த பிறகே கையை நீட்டுங்கள்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2015இல் உலகப் பறக்கும் டிஸ்க் கூட்டமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. தாராபுரம் வட்டாரப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: வரும் ஆடியில் ஒரு சனிக்கிழமை, ஒரு காலி நிலம், ஒரு அளவு நாடா, காற்று வேகமானி ஒன்று, ஒரு வட்டு, மூன்று டிஸ்க். பிள்ளைகளை எறியவிட்டு, தூரத்தையும் காற்றின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். விகாஸ் கவுடா ஓக்லஹோமாவுக்குப் போய்ப் பெற்ற காற்று உங்கள் பள்ளி மதில் மேல் தினமும் மோதிக்கொண்டிருக்கிறது.