96 கிலோமீட்டர் நூலைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவது எப்படி?

துணி ஆலைகளில் 'கோன்' என்று சொல்லும் கூம்பு வடிவ நூல்கண்டைப் பார்த்திருப்பீர்கள். தையல் கடையில் இருக்கும் சின்ன ரீல் இல்லை. இரண்டு கைகளால் தூக்க வேண்டிய பெரிய கண்டு. ஏற்றுமதிக்குப் போகும் பருத்தி நூல் கோன் ஒன்றின் வழக்கமான எடை 1.89 கிலோ. அது 30ஆம் நம்பர் நூலாக இருந்தால், அதில் சுற்றியிருக்கும் நூலின் நீளம் ஏறக்குறைய 96 கிலோமீட்டர். ஒரு முனையைக் கோலாலம்பூரில் கட்டிவிட்டு வடக்கே போனால், தஞ்சோங் மாலிமைத் தாண்டிய பிறகும் கையில் நூல் மிச்சம் இருக்கும்.

கணக்கு எளிது. 840 கஜ நீளத்தை ஒரு சிட்டம் என்பார்கள். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ, அதுதான் நூலின் நம்பர். 30ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 25,200 கஜம். 1.89 கிலோ என்ற விசித்திரமான எடையும் பவுண்டுக் கணக்கின் மிச்சம்தான். 24 கோன் ஒரு பெட்டி. 24ஐ 1.89ஆல் பெருக்கினால் 45.36 கிலோ, அதாவது சரியாக 100 பவுண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு இன்னும் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் என் பெரியம்மா. 1980களின் இறுதியில் தோட்டத்தை விட்டு வெளியேறி, விடியற்காலையில் 'பஸ் கிலாங்' பிடித்து ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனவர். பினாங்கு, பிறை, பத்து பகாட் பக்கம் உள்ள குடும்பங்களில் இப்படி ஒரு பெரியம்மாவோ அத்தையோ கட்டாயம் இருப்பார்கள். பால்மரம் வெட்டிய கைகள் அடுத்த தலைமுறையில் நூல் ஆலைக்கும் மின்னணுத் தொழிற்சாலைக்கும் போயின. பெரியம்மாவுக்குக் கிடைத்தது பேக்கிங் பகுதி. "மிஷின்ல நிக்கிறவங்களுக்குத்தான் மரியாதை. நாங்க பெட்டி கட்டுறவங்கதானே" என்பார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான், பெட்டி கட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில், கோன் ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது என்று பார்ப்போம். நூல் குறுக்கும் நெடுக்குமாக ஆயிரக்கணக்கான அடுக்குகளாகச் சுற்றியிருக்கும். பின்னும் இயந்திரத்தில் ஏறியதும், கூம்பின் மெலிந்த நுனி வழியாக அது தடையின்றி உருவி வர வேண்டும். பெட்டியின் ஆணியோ கூரான மூலையோ கோனின் பக்கவாட்டில் ஒரு கீறல் போட்டால், அறுவது ஒரு நூல் இல்லை. மேலடுக்குகளில் பல நூல்கள் ஒன்றாக அறும். ஓரம் நசுங்கினால் அடுக்கு சரிந்து, உருவும்போது சிக்கிக்கொள்ளும். பனியன் துணி பின்னும் 30 அங்குல வட்ட இயந்திரத்துக்குப் பொதுவாக 90 முனைகளில் நூல் ஊட்ட வேண்டும். 90 கோன்களில் ஒன்றில் நூல் அறுந்தாலும் இயந்திரம் மொத்தமாக நிற்கும். துணியில் ஓட்டையோ கோடோ விழும். கோன் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். இயந்திரத்தில் ஏறிய பிறகுதான் குட்டு வெளிப்படும்.

அதனால் பேக்கிங் பகுதியில் சொல்லித் தரும் முதல் பாடம், பாரம் நூலின் மேல் விழக்கூடாது என்பது. நூல் சுற்றியிருக்கும் குழல் பாரத்தைத் தாங்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி தாங்க வேண்டும். "குழலைப் புடிச்சுத் தூக்கும்மா, நூல் மேல கை வைக்காத" என்று பெரியம்மா இன்றும் சொல்வார், வீட்டில் தையல் நூலை எடுத்தாலும்கூட. பாலியஸ்டர் இழை நூலில் இந்த விதி இன்னும் கடுமையானது. மயிரிழையை விட மெல்லிய பல இழைகள் சேர்ந்ததுதான் அந்த நூல். சொரசொரப்பான விரல் பட்டாலே ஓர் இழை அறுந்து பிசிறாக நீட்டிக்கொள்ளும். அதனால் அந்தக் கண்டுகளை முளைகள் பொருத்திய வண்டியில் குழலால் மாட்டித்தான் நகர்த்துவார்கள். பெட்டிக்குள்ளும் குழலின் இரு முனைகளும் துளையிட்ட அட்டையில் பொருந்தி நிற்கும். கண்டு அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும். நூல் எதன் மேலும் உரசாது.

பருத்திக் கோனுக்கு ஏற்பாடு சற்று எளியது. ஒவ்வொரு கோனுக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, அடுக்குகளுக்கு நடுவே ஓர் அட்டை, வெளியே ஐந்து அல்லது ஏழு தாள் ஒட்டிய நெளி அட்டைப்பெட்டி. பெட்டி பெரிதாக இருந்தால் கோன்கள் உள்ளே ஆடி உரசும், சிறிதாக இருந்தால் ஓரம் நசுங்கும். பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. பெட்டிகளை மூலைக்கு மூலை நேராக அடுக்காமல் செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி வைத்தால், அடுக்கு அசையாமல் நிற்கும்தான். ஆனால் தாங்கும் சக்தி கணிசமாகக் குறைந்துவிடும். அடியில் உள்ள பலகை மேடையை விட்டுப் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான்.

இனி தண்ணீருக்கு வருவோம். நூலைக் கெடுக்கும் தண்ணீர் கடலிலிருந்து வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொள்கலனில் ஓட்டை இருந்தால் அதுவும் நடக்கும். ஏற்றும் முன் ஒருவர் உள்ளே நின்று கதவை மூடச் சொல்லி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். ஆனால் பல நேரங்களில் தண்ணீரை நூலே தன்னோடு கொண்டு போகிறது.

பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். உலர்ந்த பருத்தியின் எடையில் 8.5 விழுக்காடு ஈரம் இருப்பதை வணிகத்தில் இயல்பாகவே கணக்கிடுகிறார்கள். பாலியஸ்டருக்கு அது 0.4 விழுக்காடுதான். இதன்படி 10 டன் பருத்தி நூலுக்குள் ஏறக்குறைய 780 கிலோ தண்ணீர் இருக்கிறது. அட்டையிலும் மரப் பலகையிலும் உள்ள ஈரம் தனி. நம் ஊர் வெயிலில் நிற்கும் கொள்கலன் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி உள்ளே பரவும். கப்பல் குளிர்ப் பிரதேசத்துக்குள் நுழைந்ததும் இரும்புக் கூரை குளிர்ந்து, ஆவி துளித்துளியாகி, சரக்கின் மேலேயே சொட்டும். இதைக் 'கொள்கலன் மழை' என்பார்கள். வானத்தில் மேகமே இல்லாமல் பெட்டிக்குள் மழை.

நனைந்த அட்டை பலம் இழக்கும். காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டினாலே பெட்டியின் தாங்குதிறன் பாதியளவுக்குக் குறையலாம். அடித்தட்டுப் பெட்டி குழைந்து, மேலே உள்ள பாரம் கோன் மேல் இறங்கும். முதல் பாடம் அங்கே தோற்றுப்போகும். இதற்கு மாற்றாகக் கால்சியம் குளோரைடு நிரப்பிய ஈரம் உறிஞ்சும் பைகளைக் கொள்கலனின் பக்கவாட்டில் தொங்கவிடுகிறார்கள், மேல் அடுக்கின் மீது தாள் விரிக்கிறார்கள், காய்ந்த பலகையைப் பயன்படுத்துகிறார்கள். மரப் பலகை என்றால் இன்னொரு விதியும் உண்டு. பூச்சி பரவாமல் இருக்க, மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடமாவது சூடாக்கியிருக்க வேண்டும், அல்லது அனுமதிக்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரை குத்தியிருப்பார்கள். முத்திரை இல்லாத பலகையோடு போன சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்திவிடலாம்.

பெரியம்மா சொன்ன ஒரு சம்பவம் இந்த ஈர விவகாரம்தான். நூலின் முறுக்கு அடங்கவும் ஈரம் சீராகவும், கோன்களை நீராவி அறையில் வைத்து எடுப்பார்கள். எடுத்ததும் ஆறவிட வேண்டும். அன்று அவசர ஆர்டர், லாரி வாசலில் நிற்கிறது. சூடு தணியாத கோன்களைப் பையில் போட்டுக் கட்டச் சொன்னார்கள், கட்டினார்கள். சில வாரங்கள் கழித்து வாங்கியவரிடமிருந்து புகார் வந்தது. பைக்குள் நீர் கோத்து, நூலில் பூஞ்சைப் புள்ளிகள். விசாரணையில் முதலில் நிறுத்தப்பட்டவர்கள் பேக்கிங் பெண்கள். "கட்டினது நாங்கதான், இல்லன்னு சொல்லல. கட்டச் சொன்னது யாருன்னு யாரும் கேக்கல" என்றார். முப்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தக் குரலில் கோபம் ஆறவில்லை.

அந்தப் புகாருக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்பது, சரக்குக் காப்புறுதி விதிகளைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கடல்வழிச் சரக்குக்கு உலகம் முழுவதும் அடிப்படையாக இருப்பவை ஹேக் விதிகள். பேக்கிங் போதாமையால் சேதம் வந்தால் கப்பல் நிறுவனம் பொறுப்பில்லை என்று அவற்றில் தெளிவாக எழுதியிருக்கிறது. சரி, காப்புறுதி இருக்கிறதே என்றால், மிக விரிவான பாதுகாப்புத் தரும் 'ஏ' வகைக் காப்புறுதி விதிகளும், பயணம் தொடங்கும் முன்பே மோசமாகக் கட்டப்பட்ட சரக்கை விலக்கி வைக்கின்றன. சரக்கின் சொந்த இயல்பால் வரும் கேட்டுக்கும் பணம் கிடையாது. நூலிலிருந்த ஈரமே நூலைக் கெடுத்தது என்று ஆகிவிட்டால் வாதாடுவது கடினம். ஆக, புயலில் போன சரக்குக்குப் பணம் கிடைக்கலாம். சரியாகக் கட்டாத சரக்குக்கு யாரும் தரமாட்டார்கள். அந்தப் பொறுப்பை, 'பெட்டி கட்டுறவங்கதானே' என்று தங்களையே தாழ்த்திப் பேசியவர்களின் கையில் விட்டிருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத சேதங்களும் உண்டு. ஒரே பெட்டியில் வேறு ரக நூல் கோன் ஒன்று கலந்துவிட்டால், சாயம் போட்ட பிறகு துணியில் வரி வரியாகத் தெரியும். அதைப் பிடிக்கப் பேக்கிங் அறையில் புற ஊதா விளக்கு வைத்திருப்பார்கள். இருட்டில் எல்லாக் கோனும் ஒரே மாதிரி ஒளிரும்போது, கலந்த கோன் மட்டும் வேறு நிறம் காட்டும். சாக்கில் கட்டி அனுப்பினால் வேறு தொல்லை. பாலிப்ரொப்பிலீன் சாக்கை அறுக்கும்போது உதிரும் இழை நூலில் ஒட்டிக்கொண்டால், அது சாயம் ஏற்காது. கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடாக நிற்கும். பையின் பிளாஸ்டிக்கும் குற்றவாளி ஆகலாம். அதில் கலக்கும் பி.எச்.டி. என்ற இரசாயனம், வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்தால் வெள்ளை நூல் மஞ்சளாகும். லாரிகள் உறுமும் கிடங்கில் கிடக்கும் நூலுக்கு இது நேரும். அதனால் அந்த இரசாயனம் இல்லாத பை வேண்டும் என்று வாங்குவோர் கேட்கிறார்கள்.

பெட்டியின் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு வழிகாட்டி, இடுப்பு உயரத்தில் உடலோடு ஒட்டித் தூக்கும் நல்ல நிலையிலேயே ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ என்று அளவு சொல்கிறது. நூறு பவுண்டுப் பெட்டி அந்த நாட்டிலிருந்து வந்த கணக்கு என்பதுதான் வேடிக்கை. நூல் நசுங்காமல் இருக்க இத்தனை அட்டை யோசித்தவர்கள், தூக்குபவரின் முதுகெலும்பை யோசித்தது வெகு தாமதமாகத்தான். அட்டைத் தட்டுகளில் கோன்களை அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, முழு மேடையாகவே ஃபோர்க்லிஃப்டில் ஏற்றும் முறை வந்த ஆலைகளில் இந்தச் சுமை குறைந்திருக்கிறது. பெட்டியாக இறக்கும் கிடங்குகளில் இன்னும் தோள்தான். பெரியம்மா இப்போது தரையில் உட்கார்ந்து எழுவதில்லை.

தையல், பின்னல் தொழில் செய்யும் நம்மவர்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து நேரடியாக நூல் தருவிக்கிறார்கள். அவர்களுக்குச் சில விஷயங்கள். கொள்கலன் வந்ததும் முத்திரை எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கதவு திறப்பதற்கு முன்பும் திறந்த உடனும் படம் எடுத்துவிடுங்கள். மேல் அடுக்குப் பெட்டிகளைக் கையால் தடவிப் பாருங்கள். கூரைத் தண்ணீர் முதலில் தொடுவது அவற்றைத்தான். பெட்டி நசுங்கியிருந்தால், "சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது" என்ற தாளில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். சேதத்தை அதிலேயே எழுதுங்கள். வெளியே தெரியாத சேதம் என்றால், சரக்கைப் பெற்ற மூன்று நாளுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் சரக்கு நல்லபடியாக வந்தது என்றே முதலில் கொள்ளப்படும். பிறகு நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். வழக்குப் போட ஓராண்டுதான் அவகாசம். இன்னொன்று: கெட்ட கோனை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியையும் பையையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சேத மதிப்பீட்டாளர் வந்து முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.