ஒரே தொட்டியில் யார் யார் இருக்கலாம்?

பாக்பஜார் பக்கம் காலிஃப் ஸ்ட்ரீட்டில் ஞாயிறு தோறும் கூடும் சந்தையை நம்மவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வண்ண மீனுக்குச் சென்னையில் கொளத்தூர் எப்படியோ, கொல்கத்தாவுக்கு இது அப்படி. பாலிதீன் பைகளில் மீன்கள் மின்ன, எதைக் கேட்டாலும் கடைக்காரர் சொல்வது ஒரே பதில்தான்: "ஷப் ஏக்ஷங்கே தாக்பே, தாதா." எல்லாம் ஒன்றாக இருக்கும் என்கிறார். இருக்காது.

பேஹாலாவில் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள், ஏழாம் வகுப்பு படிப்பவள், பிறந்தநாள் பணத்தில் தொட்டி வைத்தாள். ஆறு டைகர் பார்ப், இரண்டு ஏஞ்சல், ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ், "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று தலையில் கட்டிய ஒரு சக்கர் மீன். இரண்டு வாரத்தில் ஏஞ்சலின் நீண்ட துடுப்புகள் கந்தலாகிவிட்டன. ஒன்று மூலையில் ஒதுங்கி, தின்னாமல் கிடந்து செத்தது. நான் போய்ப் பார்த்தபோது, "நான்தான் கொன்னுட்டேனா, தாத்தா?" என்று கேட்டாள். இனி மீனே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

டைகர் பார்ப் கெட்ட மீன் அல்ல. கூட்டமாக வாழ்ந்து, தங்களுக்குள் துரத்தி விளையாடும் சாதி அது. பக்கத்தில் நீண்ட துடுப்போடு நிதானமாக நீந்துகிறவர் யாராவது இருந்தால் அந்தத் துடுப்பைக் கடித்துப் பார்க்கும். ஏஞ்சல் அமேசான் பக்கத்துத் தேங்கிய நீரில் ஆடாமல் அசையாமல் நிற்பது. ஓடித் தப்பத் தெரியாது. அதே ஏஞ்சலோடு நியான் டெட்ராவை விட்டால் கதை தலைகீழாகும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியான் அதற்கு இரை. வாயில் நுழைவதெல்லாம் உணவு என்பதே மீன் உலகத்துச் சட்டம். கோல்டு ஃபிஷ்ஷோ குளிர்ந்த நீருக்குப் பழகிய கெண்டை இனம். தின்பதும் கழிப்பதும் அதிகம். அதற்குத் தனித் தொட்டிதான் சரி.

சிக்னல் இலாகாவில் வேலை பார்த்தவன் நான். ஒரு வண்டிக்கு வழி கொடுத்துவிட்டால், அதற்கு முரணான வழிக்கு லீவர் அசையவே அசையாது. இன்டர்லாக்கிங் என்று பெயர். மீன் கடையில் அப்படி ஒரு பூட்டு கிடையாது. அந்த மீன் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிது, என்ன சுபாவம், எந்தச் சூட்டுத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டு நாமேதான் பூட்டிக்கொள்ள வேண்டும். தொட்டியில் அது எங்கே வசிக்கும் என்பதையும் கேளுங்கள். ரயில் பெட்டி போலத் தொட்டியிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று பெர்த் உண்டு. எல்லோரும் நடு பெர்த்துக்கே டிக்கெட் வாங்கினால் சண்டைதான்.

நம் ஃபிளாட்டுகளுக்கு 3 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரமுள்ள தொட்டி போதும். 13 அங்குலம் நீர் நிரப்பினால் சுமார் 92 லிட்டர். மணலும் கண்ணாடியும் சேர 100 கிலோவைத் தாண்டும். டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கிறேன் என்பவர்கள் தயவுசெய்து இந்த வரியை மறுபடி படிக்கவும்.

இதில் யாரை விடலாம்? வங்காளத்து மீன்களையே முதலில் பாருங்கள் என்பேன். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஜீப்ரா மீன் இந்த மண்ணுடையது. ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட கங்கை மீன்களைப் பற்றிய நூலில் அதை விவரித்திருக்கிறார். தேன்நிற ஹனி கௌராமியையும் அதே நூலில்தான் முதலில் விவரித்தார். எட்டு ஜீப்ரா (ஓயாமல் ஓடும், யாரையும் காயப்படுத்தாது), ஹனி கௌராமியில் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும், தரையில் மேய ஆறு கோரிடோரஸ். இந்தக் கடைசி ஆள் மட்டும் தென் அமெரிக்கர். கூர்மையான கல்லில் மீசை தேய்ந்துவிடும், மெல்லிய மணல் போடுங்கள். கௌராமி அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். மூச்சுத் திணறுகிறதோ என்று பயப்பட வேண்டாம், அதன் உடலமைப்பு அப்படி. இரண்டு ஆண் வேண்டாம், கூடு கட்டும் காலத்தில் அடித்துக்கொள்ளும். 'ராணி மாச்' அழகுதான், ஆனால் ஆறு அங்குலம் வரை வளரும். இந்தத் தொட்டி போதாது. பச்சையும் சிவப்புமாகக் கோடு போட்ட கண்ணாடி மீனை யாரும் வாங்காதீர்கள். அது பிறவி நிறமல்ல, ஊசியால் ஏற்றிய சாயம்.

ஜனவரி இரவுகளில் இங்கே குளிர் 13 டிகிரி வரை போகும். 100 வாட் ஹீட்டர் ஒன்று வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருப்பதால் கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பானைச் சேர்த்தே ஊற்றுங்கள்.

பொறுமைதான் பலருக்கு வருவதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். எல்லா மீனையும் ஒரே நாளில் விட்டால், சுபாவம் ஒத்துப்போனாலும் தண்ணீர் ஒத்துப்போகாது. அந்தப் பெண்ணின் தொட்டி இப்போது இப்படித்தான் படிப்படியாக நிரம்பிக்கொண்டிருக்கிறது. முதலில் நான்கு ஜீப்ரா. அவற்றுக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள், எது எது என்று எனக்குத்தான் தெரிவதில்லை. மிஞ்சிய ஏஞ்சலுக்கு நண்பர் வீட்டுப் பெரிய தொட்டியில் இடம் கிடைத்தது.

சக்கர் மீன்தான் பிரச்சினை. ஓர் அடிக்கு மேல் வளரும். பாவம் என்று பலர் அதைக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் பண்ணைக் குளங்களில் அது பெருகி, ரோகு, கட்லா வளர்த்துப் பிழைப்பவர்களின் தலையில் விடிகிறது. தின்பார் இல்லை, வாங்குவார் இல்லை. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காதீர்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்.

சந்தைக்குத் துணை வேண்டுபவர்கள் சனிக்கிழமை மாலை சங்க நூலகத்தில் என்னிடம் சொல்லலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும், வெயில் ஏறினால் பைக்குள் மீன் வாடிவிடும். மூடி போட்ட வாளி ஒன்று கையோடு கொண்டுவரவும்.