முட்டையிட இடம் தேடும் அந்துப்பூச்சி

சோளத்திலும் மக்காச்சோளத்திலும் நடுக்குருத்தைக் காயச் செய்யும் தண்டுத் துளைப்பானின் தாய்ப்பூச்சி, பகலெல்லாம் மறைவில் ஒடுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்தபின் முட்டையிட இடம் தேடிப் புறப்படுகின்றபோது, அச்சிற்றுயிர் செய்யும் தேர்வைப் பொறுத்தே அதன் சந்ததி பிழைப்பதும் மடிவதும் பெரிதும் அமைகின்றன. ஏனெனில், முட்டையினின்று வெளிவரும் புழுவுக்கு, வேறு செடியை நாடி நெடுந்தூரம் செல்லும் சக்தி மிகவும் அற்பம்.

இருளில் அதற்கு முக்கியமான வழிகாட்டி, உணர்கொம்புகளில் அடர்ந்த நுண்மயிர்களின் துவாரங்கள் வழியே புகும் தாவர வாசனையே. வைரமுதுகு அந்துப்பூச்சி, கடுகை அரைக்கும்போது நம் நாசியைத் தாக்கும் நெடியைச் சார்ந்த வாசனைகளைக் கொண்டே முட்டைக்கோசை அடையாளம் கண்டுகொள்கின்றது. ஆனால் இத்தகைய விசேஷ முத்திரை எல்லாப் பயிருக்கும் இல்லை. புல்லைக் கசக்கினால் எழும் பச்சை வாசனை வயலிலும் உண்டு, வரப்பிலும் உண்டு. ஸ்வரங்கள் ஏழே ஆயினும் அவை சேரும் முறையால் ராகங்கள் வேறுபடுவதுபோல, பொதுவான வாசனைகளே எந்த விகிதத்தில் கலந்து வருகின்றன என்பதைக் கொண்டு பூச்சி தன் பயிரைப் பிரித்தறிகின்றது. இத்துறையில் இதனினும் வியப்புக்குரிய சூட்சுமம் வேறில்லை என்றே நான் கருதுகின்றேன்.

செடியும் வாளா இருப்பதில்லை. புழு கடித்த புகையிலைச் செடி, இரவில் மட்டும் சில ஆவிகளை வெளிவிடுகின்றது என்றும், அவற்றை உணர்ந்த தாய்ப்பூச்சிகள் அச்செடியைத் தவிர்க்கின்றன என்றும் 2001ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. முன்னரே புழு ஏறிய செடியில் உணவுக்குப் போட்டி உண்டு. புழுக்களைத் தேடிவரும் குளவிகளால் அபாயமும் உண்டு.

இந்த ஞானத்தை உழவர்க்கு உபாயமாக்கியவர்கள், கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ம்பிட்டாவில் 1990களில் ஆராய்ச்சி செய்த ஜெயாவுர் கானும், இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் நிலையத்து ஜான் பிக்கெட்டும் அவர்தம் துணைவர்களுமாவர். ஆசியாவிலிருந்து சென்று ஆப்பிரிக்க மக்காச்சோளத்தைப் பாழாக்கிய தண்டுத் துளைப்பானை எதிர்க்க, அவர்கள் வயலைச் சுற்றி யானைப்புல்லை நடச் செய்தனர். இருள் கவிந்த முதல் ஒரு மணி நேரத்தில் இப்புல்லின் பச்சை வாசனை ஏறத்தாழ நூறு மடங்கு பெருகுவதால், அதனால் ஈர்க்கப்பட்ட பூச்சி பயிரை விடுத்துப் புல்லிலேயே மிகுதியாக முட்டையிடுகின்றது. தண்டைத் துளைக்க முயலும் புழுக்களோ, அங்கே சுரக்கும் பிசினில் சிக்கிப் பெரும்பாலும் மடிகின்றன. பயிர் வரிசைகளின் நடுவே வளர்க்கும் டெஸ்மோடியம் என்னும் பயறுவகைச் செடி, தன் வேர்க்கசிவால் சுடுமல்லிக் களையை அடக்குகின்றது. யானைப்புல்லும் டெஸ்மோடியமும் கறவை மாட்டுக்குத் தீவனமாவது, மருந்து வாங்க வசதியற்ற சிறு குடியானவருக்குப் பேருதவி. தண்டினுள் புகுந்துவிட்ட புழுவை, வாங்கித் தெளித்த மருந்தும் எளிதில் எட்டுவதில்லை.