செவியுட் கருவிக்கு ஏற்ற இசைப்பதிவு

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. அங்கே இசை வெறும் பொழுதுபோக்கன்று. முற்காலத்தில் விடியுமுன்னே தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பொலி. மாசியிலே காமன் கூத்துக்கு உயிரூட்டுவதும் அதுவே. இச்சூழலில் வளர்ந்து, இடைவயதிற் செவிப்புலனை இழந்த ஒருவர், சத்திரசிகிச்சையால் காக்ளியர் கருவி பொருத்தப்பெற்று மீண்டும் பேச்சைக் கேட்கத் தொடங்கினால், அடுத்து அவர் மனம் நாடுவது பாட்டையே. ஆனால் பழகிய பாட்டு, தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலிக்கின்றது. பதிவு மட்டமானது போலும் என்று கருதி, வீட்டார் உயர்தரப் பதிவுகளையும் விலைகூடிய கைத்தொலைபேசியையும் தேடுகின்றனர். அப்பணத்தினால் பயன் உண்டா என்பது நாட்சம்பளக் குடும்பத்துக்குச் சிறிய வினாவன்று.

விடை, கருவியின் அமைப்பிலேயே இருக்கின்றது. உட்செவியில் நத்தை ஓடுபோற் சுருண்டிருக்கும் உறுப்பிலே, ஒலியை நரம்புக்கு உணர்த்தும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3,500 உள்ளன. அவற்றின் வேலையைக் கருவியிற் செய்வனவோ, ஆக்கப்படும் வகைக்கேற்ப 12 முதல் 22 வரையான மின்முனைகளே. பேராசிரியர் கிரேயம் கிளார்க் 1978இல் மெல்பேர்ன் நகரில் இத்தகைய பன்முனைக் கருவியைப் பொருத்தியபோது, அவரது நோக்கம் பேச்சை விளங்கவைப்பதாகவே இருந்தது. மேலும், ஒரு முனையிலிருந்து எழும் மின்னோட்டம் அயல்முனையின் எல்லைக்குள்ளும் பரவுகின்றது. ஹார்மோனியத்தை விரலால் வாசிக்காது உள்ளங்கையால் அழுத்தி வாசித்தால் எப்படியிருக்கும்? அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆனால் தாளம் பிசகாது. கருவியணிந்தோர் பலரின் அனுபவமும் இதுவே. இராகத்தை இனங்காண அவர்கள் இடர்ப்படுவர். தாளத்தைப் பெரும்பாலும் நன்கு பின்பற்றுவர்.

இனி, பதிவின் தரத்துக்கு வருவோம். இசைத்தட்டாகிய சி.டி., ஒலியைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து, 1,411 கிலோபிட் வேகத்தில் தருகின்றது. ஐந்து நிமிடப் பாட்டொன்றுக்கு இம்முறையில் ஏறத்தாழ 53 மெகாபைட் வேண்டும். எம்.பி.3 முறையிலே, செவி கவனியாது விடக்கூடிய நுணுக்கங்கள் நீக்கப்படுகின்றன. அதே பாட்டு 320 கிலோபிட்டில் 12 மெகாபைட்டாகவும், 128 கிலோபிட்டில் 5 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்குகின்றது. 128இல் பெரும்பாலும் வெட்டப்படுவன, செக்கனுக்கு 16,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகள். காக்ளியர் கருவிகளோ பொதுவாக 8,000 அதிர்வுகள் வரையிலேயே ஏற்கின்றன. வாசலிலேயே தடுக்கப்படும் விருந்தினருக்கு உள்ளே இலைபோட்டு என்ன பயன்? மத்திய அலை வானொலி 5,000 அதிர்வுகளளவில் நின்றுவிடுவது; அந்த ஒலியிலேதான் மலையகத்தின் ஒரு தலைமுறையே பாட்டை நேசித்தது.

இதனால் எவ்வளவு தாழ்ந்த பதிவும் போதும் என்று கொள்ளலாகாது. 32 கிலோபிட் போன்ற அளவுகளிற் குரலே சிதையும். செவிகளும் ஒருவர்க்கொருவர் வேறுபடுவன. ஐயமிருப்பின், ஒரே பாட்டை இரு தரங்களிலும், எது எதுவென்று சொல்லாமல், பிறரொருவர் பலமுறை ஒலிக்கச் செய்யட்டும். வேறுபாடு புலப்படாவிடின் சிறிய பதிவே போதுமானது. அலைத்தொடர்பு மெலிந்த தோட்டங்களிலே அது தடையின்றி வந்துசேரும் என்பதும் ஒரு நன்மை.

தரத்தைவிட முக்கியமானது, ஒலி கருவியை அடையும் வழி. தகரக் கூரையிலே மழை அறையும்போது லயத்து அறையில் ஒலிபெருக்கியை வைத்துக் கேட்டால், மழையும் எதிரொலியும் பாட்டோடு கலந்தே நுழையும். புளூடூத் மூலமாகவோ, கருவிக்குரிய இணைப்புக் கம்பி மூலமாகவோ நேரே செலுத்தினால் இத்தொல்லை பெரிதும் குறையும். இரைச்சலை அடக்கும் ஏற்பாடு, நீண்டிசைக்கும் நாதசுரத்தையும் இரைச்சலென்று எண்ணி அமுக்கிவிடக்கூடும். இசைக்கெனத் தனி அமைப்பொன்றைச் செவிப்புல வல்லுநரிடம் கேட்டுப் பெறலாம். ஒலியை மிகக் கூட்டுவதாலும் பயனில்லை. கருவி அதனை மீண்டும் ஒடுக்கிவிடும்.

பாட்டைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பல வயலின்கள் ஒருங்கே முழங்கும் திரையிசையைவிட, ஒரு குரலும் ஒரு தப்பும் மட்டும் ஒலிக்கும் பாட்டு தெளிவாக விளங்கும். முன்னரே அறிந்த பாட்டாயின், சொல்லைப் பற்றிக்கொண்டு நினைவு மெட்டை நிரப்பும். பாடல் வரிகளைக் கையில் வைத்துக் கேட்பதும் உதவும். பிறவியிலேயே செவிப்புலனற்றுக் கருவிபெற்ற சிறுவர்க்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய நினைவில்லை. பெரியோர் குறைகூறும் அதே ஒலிக்கு அவர்களிற் பலர் மகிழ்ந்து ஆடுகின்றனர்.

மறுகாதிலே சிறிதளவு கேள்வி எஞ்சியிருப்போர், சத்திரசிகிச்சைக்குப் பின் அக்காதின் சாதாரணச் செவிக்கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவதுண்டு. அது தவறு. தாழ்ந்த சுரங்களை அக்காதே இயல்பாகக் காட்டுகின்றது. இரண்டையும் சேர்த்து அணியும்போது மெட்டு பலருக்கு மேலும் தெளிவாகின்றது. புதிய கைத்தொலைபேசிக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதலில் வாங்கவேண்டியது, அப்பழைய கருவிக்குரிய மின்கலங்களே.