ஒத்தாரைக் காணல்

புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர் மதுரங்குளி. களப்பும் தென்னந்தோட்டமும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில் ஒருவரை ஒருவர் அறியாதார் இலர். கலியாண வீட்டின் ஆரவாரம் பொறுக்காது பின்வளவில் போய் நிற்பவரையும், முகம் நோக்கிப் பேசாதவரையும், புகைவண்டி வரும் நேரங்களை வரிசை பிறழாது ஒப்புவிப்பவரையும் ஊரார் அறிவர். ‘அவர் ஒரு தனிப்போக்கு’ என்று கூறி அமைந்துவிடுவர். அவர் ஓட்டிசமுடையவராக இருத்தல் கூடும். அதனை அவருக்கு எவரும் உரைத்ததில்லை. தம்மை ஒத்த இன்னொருவரை அவர் கண்டதுமில்லை.

ஓட்டிசம் என்பது ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர். தமிழ்நாட்டில் மதியிறுக்கம் என்பர். மதி இறுகியதோ என்னும் தவறான எண்ணத்தை அப்பெயர் எழுப்புவதால் ஓட்டிசம் என்பதே நன்று. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அவர்களுள் முதல்வரான டொனால்ட் டிரிப்லெட் வங்கியொன்றில் பணிபுரிந்து, பல நாடுகளுக்குப் பயணஞ்செய்து, 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார். குழந்தைகள் வளர்ந்தனர், ஆயினும் நூல்கள் நெடுங்காலம் குழந்தைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன.

இலங்கையில் வைத்தியர் ஹேமமாலி பெரேராவும் பிறரும் சிறு குழந்தைகளிடையே நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்று கண்டது. அவ்வளவினைக் கொண்டு நோக்கின், ஊர்தோறும் சிலரேனும் இருத்தல் வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் இனங்காண வழி இல்லை என்பதே குறை.

அவ்வழியைத் தாமே வகுத்துக்கொண்டவர்கள் ஓட்டிசமுடையோரே. அமெரிக்கரான ஜிம் சின்கிளேயர், அவுஸ்திரேலிய எழுத்தாளரான டோனா வில்லியம்ஸ் முதலியோர் முதலிற் கடிதங்களால் அறிமுகமாயினர். 1992இல் செயின்ட் லூயிஸ் நகரில் மூவர் சில நாள் ஒன்றாகத் தங்கினர். பிறர் நடுவே அந்நியராய் வாழ்ந்து பழகியோர்க்குத் தம் மொழி விளங்கும் இடம் அதுவாயிற்று. அவ்வாண்டிலேயே ஓட்டிசமுடையோரின் சர்வதேசச் சங்கம் தோன்றியது.

1996இல் அச்சங்கம் நியூயோர்க் மாநிலத்தில் முகாமொன்றை நடத்தியது. நறுமணப் பூச்சும் புகைப்படக் கருவியின் மின்னொளியும் அங்கே விலக்கப்பட்டன. அவர்கள் கைக்கொண்ட வண்ண அட்டை முறை வியக்கத்தக்க எளிமையுடையது. சிவப்பு அணிந்தவரை எவரும் அணுகலாகாது. மஞ்சள் அணிந்தவரிடம் முன்பே பழகியவர் மட்டும் பேசலாம். பச்சை அணிந்தவரோ பேச விரும்புகின்றார், தொடங்க இயலாது நிற்கின்றார், ஆதலால் பிறர் முன்வந்து பேசவேண்டும். நம் விருந்து வீடுகளிலும் இவ்வட்டைகளால் நிம்மதி பெறுவோர் பலர் உளர்!

கடிதம் செய்த பணியைப் பின்னர் இணையம் விரிவாகச் செய்தது. காரணம் தெளிவு. எழுத்தில் முகக்குறிப்பை ஊகிக்க வேண்டுவதில்லை, குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிய வேண்டுவதில்லை, விடை கூற ஒரு நாழிகையோ ஒரு நாளோ எடுத்துக்கொள்ளலாம், களைத்தால் நிறுத்தலாம்.

தொடர்புத் திறனே இல்லாதவர் எங்ஙனம் தம்முள் தொடர்புகொள்வர் என வினவலாம். 2012இல் டேமியன் மில்ற்றன் என்னும் ஆய்வாளர், தாமும் ஓட்டிசமுடையவர், விளங்காமை இருபுறத்தும் உள்ளது என வாதிட்டார். 2020இல் பிரித்தானியாவில் கதையொன்றை எண்மர் கொண்ட சங்கிலிகளில் ஒருவர்க்கொருவர் சொல்லச் செய்து சோதித்தனர். ஓட்டிசமுடையோர் மட்டும் கொண்ட சங்கிலியில் கதை ஏனையோர் சங்கிலியிற் போலவே நிலைத்தது. இருவகையினரும் கலந்த சங்கிலியிலேயே மிகச் சிதைந்தது. 311 பேரைக் கொண்டு நடத்திய பெரிய சோதனை 2025இல் வெளியாயிற்று. அதில் கலந்த சங்கிலியும் பிற்படவில்லை. இரண்டிலும் மாறாத செய்தி, ஓட்டிசமுடையோர் தம்முட் குறைவறச் செய்தி பரிமாறினர் என்பதே.

இணையம் எல்லார்க்கும் எட்டிவிட்டதென்று கருதுதல் பொருந்தாது. எழுத்தறியாதார்க்கும், பெருந்துணை வேண்டுவோர்க்கும் அது எளிதன்று. ஓட்டிசமுடையோரின் எழுத்துகள் மிகப்பல ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் மட்டும் வாசிக்கும் மதுரங்குளிக்காரர் தம்மைப் பற்றிய முதற்செய்தியையே வேற்றுமொழியில் தேட நேர்கின்றது. பெயர் வெளிப்படின் தங்கையின் கலியாணம் தடைப்படுமோ என்னும் வீட்டாரின் அச்சம் வேறு. அதனாலேதான் வேறு பெயர் பூண்டு எழுதுவோர் பலர். பின்வளவில் நிற்பவர் கையிலும் இன்று தொலைபேசி உண்டு. இரவில் வீட்டார் உறங்கிய பின்னரே அவர் அதனைத் திறக்கின்றார்.