உலகை மாற்றிய இரும்புப் பெட்டி

உலக நடப்பைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் நம்மிடையே எவருமில்லை. சலூன் கதிரையில் முகச்சவரத்துக்காக அமர்ந்திருப்பவர், அமெரிக்க ஜனாதிபதி செய்யத் தவறியது யாதென்று எடுத்துரைப்பார். தேநீர்க்கடை வாங்கில் இருப்பவர், சீனாவின் அடுத்த நோக்கம் இன்னதென்று அடித்துச் சொல்வார். அணுகுண்டு, ஏவுகணை, செயற்கைக் கோள், டொலரின் விலை என்று பேச்சு வளர்ந்துகொண்டே போகும். இவை யாவும் பேசத் தக்க விஷயங்களே. ஆயினும், அறுபது எழுபது ஆண்டுகளாக உலகின் வாணிபத்தையும் யுத்தத்தையும் உழைப்பாளியின் வாழ்வையும் ஒருங்கே மாற்றிவிட்ட ஒரு பொருளைப் பற்றி அங்கு யாரும் வாய் திறப்பதில்லை. அதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லாதது காரணமாயிருக்கலாம். அது வெறும் இரும்புப் பெட்டி. கொழும்புத் துறைமுகத்தை அடுத்த வீதிகளில் லொறிகளின் முதுகிலேறி இரவும் பகலும் ஊர்ந்து செல்கிறதே, அதுதான். நம்மவர் வாயில் அது ‘கொன்ரெயினர்’. பத்திரிகைகளில் அது ‘கொள்கலன்’.

இப்பெட்டி வருவதற்கு முன்னர் கப்பலில் சரக்கேற்றுவது எத்தகைய வேலையாயிருந்தது என்பதை இக்காலத்து இளைஞர்க்கு விளக்குவது எளிதன்று. மூடை, பீப்பா, மரப்பெட்டி, சிப்பம், இரும்புக்கம்பி, மோட்டார் வாகனம் என்று வந்தவை யாவும் வந்த கோலத்திலேயே கப்பலின் வயிற்றுக்குள் இறக்கப்பட்டு, ஒவ்வொன்றும் மனிதன் கையால் இடம்பார்த்து அடுக்கப்பட்டன. 1954ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புரூக்ளின் துறையிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற ‘வாரியர்’ என்னும் கப்பலின் சரக்கை நிபுணர் சிலர் ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்தனர். 5,000 தொன் அளவான அச்சரக்கில் இருந்த உருப்படிகள் 1,94,582! ஏற்றுவதற்கு ஆறு நாள், இறக்குவதற்கு நான்கு நாள். கடலைக் கடப்பதற்கோ பத்தரை நாள். கப்பல் ஓடிய நாட்களுக்கு ஏறக்குறையச் சமமாக அது கரையிலே கட்டுண்டு கிடந்தது. செலவுக் கணக்கைப் பார்த்தால், கடலைக் கடக்கும் செலவைவிடக் கரையிலே தூக்கி வைக்கும் செலவே மிகுதி. இதிலே களவும் சேதமும் வேறு. விஸ்கிப் பெட்டி ஒன்றாவது உடையாமல் எந்தத் துறைமுகத்திலும் கப்பல் இறங்கியதில்லை என்று பழைய மாலுமிகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்நிலையை மாற்றியவர் கப்பற்காரர் அல்லர் என்பதுதான் சுவையான சங்கதி. மல்கம் மக்லீன் என்பவர் அமெரிக்காவின் வட கரோலைனாவைச் சேர்ந்த லொறி முதலாளி. 1913இல் பிறந்தவர். கப்பலைப் பற்றிய மரியாதையோ மயக்கமோ அவரிடம் இல்லை. லொறியின் பெட்டியைக் கழற்றி அப்படியே கப்பலில் வைத்தால் என்ன என்பது ஒன்றே அவருடைய எண்ணம். இதற்காகக் கப்பற் கொம்பனி ஒன்றை விலைக்கு வாங்கி, இரண்டாம் உலக யுத்தகாலத்து எண்ணெய்க் கப்பல் ஒன்றைத் திருத்தியமைத்து, 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி 58 பெட்டிகளுடன் நியூஜேர்சியின் நெவார்க்கிலிருந்து டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அக்கப்பலின் பெயர் ‘ஐடியல் எக்ஸ்’. உதிரிச் சரக்கை ஏற்றுவதற்குத் தொன்னுக்கு 5 டொலர் 86 சதம் செலவான அக்காலத்தில், அவருக்கான செலவு தொன்னுக்கு 16 சதத்துக்கும் குறைவு.

பெட்டியைக் கண்டுபிடித்தது அவரல்லர். அதற்கு முன்னரும் பெட்டிகள் இருந்தன. பெட்டியை லொறிக்கும் புகைவண்டிக்கும் பாரந்தூக்கிக்கும் கப்பலுக்கும் பொதுவான ஒன்றாக ஆக்கியதே அவருடைய சாதனை. அதற்கு உறுதுணையாக நின்றவர் கீத் டான்ட்லிங்கர் என்னும் பொறியியலாளர். பெட்டியின் மூலைகளிலே துவாரமுள்ள இரும்புக் கட்டைகளைப் பொருத்தி, அத்துவாரத்துக்குள் நுழைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை அவர் அமைத்தார். கைப்பிடியளவான அப்பூட்டு இல்லையேல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பெட்டி அடுக்கிக்கொண்டு புயலிலே செல்வது நடவாத காரியம். இவற்றின் உரிமையை மக்லீன் 1960களில் ஏனையோருக்கும் விலையின்றி விட்டுக்கொடுத்தார். இதைத் தர்மம் என்று நான் கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே அளவிலே பெட்டி செய்தால்தான் தம் பெட்டிக்கும் எங்கும் வழி கிடைக்கும் என்பதை அறிந்த வியாபாரியின் கணக்கு அது. ஆனாலும் எத்துணைக் கூர்மையான கணக்கு! 20 அடி, 40 அடி என்ற அளவுகள் சர்வதேச ரீதியாக வகுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்திலே பழைய பெட்டியொன்றில் யன்னல் வெட்டிக் கடை நடத்துபவரின் கடைக்கும், நோர்வேக்கு மீனேற்றும் பெட்டிக்கும் அகலம் ஒன்றே: எட்டு அடி.

இனி யுத்தத்துக்கு வருவோம். 1965இல் அமெரிக்கா வியட்நாமில் படைகளைக் குவித்தபோது, துப்பாக்கியும் படையும் குறைவின்றிப் போய்ச் சேர்ந்தன. சாமான்களைத்தான் கரைசேர்க்க முடியவில்லை. ஆழமான துறைகள் அங்கு போதியளவு இல்லை. கப்பல்கள் வாரக்கணக்கில் கடலிலே நின்றன. சைகொன் துறைமுகத்தில் இறங்கிய பொருள்களுள் பல நேரே கள்ளச்சந்தைக்கு நடந்தன. உலகின் மிகப் பெரிய சேனைகளுள் ஒன்று, சப்பாத்துக்கும் சவர்க்காரத்துக்கும் திண்டாடியது. இச்சமயத்தில்தான் மக்லீன் இராணுவத் தலைமையகத்தின் கதவைத் தட்டினார். 1967ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 600க்கு மேற்பட்ட பெட்டிகளுடன் அவருடைய கப்பல் காம் ரான் குடாவை அடைந்தது. அதன்பின் சேனைக்குப் பண்டம் போதாதென்ற கவலை பெரிதும் நீங்கியது.

இதன் பிற்பகுதிதான் நான் விரும்பிச் சொல்ல வந்தது. வியட்நாமில் பெட்டிகளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பலுக்கும் போகவரச் செலவை இராணுவமே கொடுத்துவிட்டது. வெறும் பெட்டியைச் சுமந்து செல்வானேன் என்று எண்ணிய மக்லீன், திரும்பும் வழியில் ஜப்பானிலே கப்பலை நிறுத்தினார். அங்கே தொலைக்காட்சிப் பெட்டிகளும் ஏனைய பொருள்களும் ஏறின. மலிந்த கூலியில் கலிபோர்னியாவிலே இறங்கின. அமெரிக்க அரசு தன் பகைவனை அடக்கவென்று செலவிட்ட பணம், அமெரிக்கத் தொழிற்சாலைகளுடன் போட்டியிடவந்த பண்டங்களுக்கு வழி சமைத்தது. யுத்தத்துக்கென்று தொடங்கும் செலவு எங்கே போய் முடியும் என்பதை எந்தத் தளபதியாலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 1975இல் அமெரிக்கர் சைகொனை விட்டு வெளியேறினர். பெட்டியோ பசிபிக் சமுத்திரத்தை விட்டு வெளியேறவேயில்லை.

இத்தனை இலாபத்துக்கும் விலை கொடுத்தவன் யார்? மூடை சுமந்தவன்தான். இலண்டன் மாநகரின் பழைய கப்பற்றுறைகள் 1967 முதல் 1981 வரையில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த குடும்பங்களின் தொழில் அழிந்த இடத்தில் இன்று வங்கிகளின் மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அமெரிக்காவின் மேற்குக் கரையிலே மட்டும் வேறொரு கதை நடந்தது. அங்கே ஹரி பிரிட்ஜஸ் என்னும் தொழிற்சங்கத் தலைவர், யந்திரத்தை எதிர்த்துப் பயனில்லை என்பதைக் கண்டு, 1960இல் முதலாளிமாருடன் ஓர் உடன்படிக்கை செய்தார். யந்திரம் வரலாம், ஆனால் அதனால் மிஞ்சும் பணத்தில் தொழிலாளிக்குப் பங்குண்டு. ஒருவரும் வேலையிலிருந்து நிறுத்தப்படலாகாது. முதியோர் பணத்துடன் ஓய்வுபெறலாம். இதற்கென முதலாளிமார் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான டொலரை நிதியாகக் கட்டினர். அதை விலைபோனமை என்று ஏசிய தோழர்களும் உண்டு. எனக்கென்னவோ, யந்திரத்தை உடைக்கப் புறப்பட்டவர்களையும் அதன் காலில் விழுந்தவர்களையும்விட அம்மனிதரே விஷயமறிந்தவராகத் தோன்றுகிறார்.

நமது கொழும்பிலோ, முன்னாளில் கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட்டு நிற்க, சரக்குப் படகுகள் சென்று பண்டங்களை வாங்கிக் கரைசேர்த்தன. 1954இல் எலிசபெத் மகாராணியாரின் பெயரால் இறங்குதுறை திறக்கப்பட்டது. 1958இல் சரக்கேற்றும் தொழில் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1979இல் துறைமுக அதிகார சபை உருவாயிற்று. 1985இல் ஜப்பானின் உதவியுடன் ஜயா கொள்கலன் முனையம் செயற்படத் தொடங்கியது. அன்றைய நம் ஆட்சியாளர் செய்த காரியங்களுள் குறைசொல்ல முடியாத ஒன்று இது. அயலிலே இந்தியத் துறைமுகங்கள் ஆயத்தமாகுமுன் கொழும்பு முந்திக்கொண்டது. தூத்துக்குடியிலிருந்து சிறு கப்பலிலே வரும் பெட்டி கொழும்பில் இறங்கி, பெருங்கப்பலில் ஏறி ஐரோப்பாவுக்குச் செல்லும். இன்று கொழும்பு ஆண்டொன்றில் கையாளும் பெட்டிகள், 20 அடிக் கணக்கில், 70 இலட்சத்துக்கு மேல். அவற்றுள் ஐந்தில் நான்கு நம்முடையவை அல்ல. இறங்கி ஏறிச் செல்பவை மட்டுமே. சத்திரத்திலே தங்குவோரை நம்பிப் பிழைக்கும் ஊர் போன்றது நம் நிலை. வழிப்போக்கர் வேறு வழியே போய்விட்டால் சத்திரக்காரன் என் செய்வான்?

அந்த அச்சம் வீணானதன்று. 2021 மார்ச் மாதம் ‘எவர் கிவன்’ என்னும் 400 மீற்றர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. 2023 நவம்பரில் யெமன் நாட்டு ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். சில ஆயிரம் டொலரில் செய்யத்தக்க ஆளில்லா விமானத்தை வீழ்த்துவதற்கு, ஏறக்குறைய 20 இலட்சம் டொலர் பெறுமதியான ஏவுகணையை அமெரிக்கப் போர்க்கப்பல் எய்தது. நுளம்பை அடிக்கப் பீரங்கி! வென்றாலும் நட்டமான யுத்தம் இது. பெருங்கப்பல்கள் செங்கடலைக் கைவிட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாக ஓடின. வாஸ்கோட காமா வந்த வழி மீண்டும் பெருவழியாயிற்று. வழி மாறிய கப்பல்கள் பெட்டிகளைக் கொழும்பில் இறக்கி மாற்றிக்கொண்டமையால் நமக்கு அப்போது வேலை பெருகியது. ஊரார் துன்பத்தில் கிடைத்த வரும்படி என்பதை மறைப்பானேன்?

அச்சமயம், 2024 ஜனவரியில், நம் கடற்படைக் கப்பல் ஒன்றைச் செங்கடலுக்கு அனுப்பப் போவதாக அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். இரு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்றும் அவரே சொன்னார். கடன் கட்ட இயலாதென்று கைவிரித்து இரண்டாண்டு நிறையாத நாடு! ஊரெல்லாம் சிரித்தது. கடல்வழி நமக்கு வயல். வயலுக்குக் காவல் வேண்டுமென்ற எண்ணம் தவறன்று. ஆனால் ஏவுகணையைத் தடுக்க வகையில்லாத கப்பலை அங்கு நிறுத்துவது, வெருளியை நட்டு யானையைத் தடுப்பதற்கு ஒப்பாகும்.

பெட்டிக்கு மற்றொரு குணமுண்டு; உள்ளே இருப்பதை அது காட்டாது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பற்றிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலில் 1,486 பெட்டிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் நைத்திரிக் அமிலம் ஒழுகியது. கட்டாரிலும் இந்தியாவிலும் அப்பெட்டியை இறக்க இடம் கிடைக்கவில்லை. ஜூன் மாதத்தில் கப்பல் கடலுள் அமிழ்ந்தது. நீர்கொழும்பு முதலான கரைகளில் பிளாஸ்டிக் மணிகள் பனிபோல் குவிந்தன. மீனவர் வலையைச் சுருட்டி வைத்தனர். 2025 ஜூலையில் நம் உயர்நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு விதித்துத் தீர்ப்பளித்தது. விதித்தது வேறு, கைக்கு வருவது வேறு என்பதை வழக்காடியவர் அறிவர்.

இப்பொழுது கேரளத்திலே, திருவனந்தபுரத்துக்கு அண்மையில், விழிஞ்ஞம் துறைமுகம் எழுந்திருக்கிறது. 2024 டிசம்பரில் அங்கு வாணிபம் ஆரம்பமாயிற்று. 2025 மே 2ஆம் திகதி இந்தியப் பிரதமர் அதைத் திறந்துவைத்தார். தோண்டாமலே ஆழமுள்ள கடல். கிழக்கு மேற்காகச் செல்லும் பெருவழிக்கு மிக அண்மை. கொழும்பில் இறங்கும் இந்தியப் பெட்டிகளைத் தன்பால் இழுப்பதே அதன் நோக்கம் என்பதை இந்தியர் ஒளிக்கவில்லை. விழிஞ்ஞத்தை நடத்தும் அதானி நிறுவனமே கொழும்பின் மேற்கு முனையத்திலும் 51 வீதப் பங்குடையது. பெட்டி எந்தக் கரையில் இறங்கினாலும் அந்நிறுவனத்துக்குக் கூலி உண்டு. நமக்கு ஒரு கரைதான்.

2025 ஏப்ரலில் வேலை தொடங்கிய அம்மேற்கு முனையம் தானியங்கி முறையில் அமைந்தது. பெட்டிகளை அடுக்கும் பாரந்தூக்கிகளின் உச்சியிலே ஆளில்லை. அவற்றை இயக்குவோர் தொலைவில் உள்ள அறையில், திரையின் முன் அமர்ந்திருக்கிறார்கள். முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும், பாட்டன் மூடை சுமந்து தந்தை லொறி ஓட்டிய வீடுகள் உள்ளன. அவ்வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அந்த அறையிலே ஆசனம் கிடைக்கும்? பிரிட்ஜஸ் 1960இல் முதலாளிமார் முன் வைத்த கேள்வி இதுவே. நம் தொழிற்சங்கங்கள் அதனை இன்னும் உரக்கக் கேட்க வேண்டியிருக்கிறது.