அடுக்குப் பார்த்து அரங்கேற்றுவோம்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஏராளமானோர் ஒரே நேரத்தில் ஒரே இணையத்தளத்தைத் திறக்கின்றனர். சுட்டெண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்கும், அருகில் நிற்கும் உம்மாவுக்கும் ஒவ்வொரு நிமிடமும் நீண்டதாகத் தெரியும். பக்கம் வராவிட்டால் "சைட் வேலை செய்யவில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது, யார் என்ன செய்தால் அது மீண்டும் எழும் என்பதைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை.

வங்கிக் கணக்கு, வைத்தியரைச் சந்திக்கும் இலக்கம், பல்கலைக்கழக விண்ணப்பம் எனப் பலவும் இன்று மென்பொருளின் வழியே நடக்கின்றன. அந்த மென்பொருளின் புதிய பதிப்பைப் பழையதன் இடத்தில் வைப்பதை வெளியீடு என்கிறோம். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய ஒன்று இன்று நின்றுபோனால், அண்மையில் நடந்த வெளியீட்டையே முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கும். எனவே வெளியிடுமுன் ஒத்திகை பார்ப்பதும், வழு நேர்ந்தால் அதன் மூலத்தைத் தேடிக் காண்பதும் இத்துறையின் இரண்டு பெருங்கலைகளாக வளர்ந்துள்ளன. அவ்விரண்டையும் எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்கலனும் சுக்கானியும்

1956 ஏப்ரல் 26ஆம் திகதி அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் புறப்பட்டது. மல்கம் மக்லீன் என்ற வணிகரின் ஏற்பாட்டில் அதில் 58 கொள்கலன்கள் ஏற்றப்பட்டிருந்தன. அதற்கு முன்னர் சரக்குகள் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கப்பட்டு வந்தன. எல்லாவற்றையும் ஒரே அளவான பெட்டிக்குள் அடைத்துவிட்டால் கப்பலிலும் ரயிலிலும் லொறியிலும் அப்படியே மாற்றி ஏற்றலாம். உள்ளே இருப்பது நெல்லா, துணியா என்று பாரந்தூக்கி கேட்காது.

மென்பொருளாளரும் இதே வழியைப் பின்பற்றினர். ஒரு நிரலையும், அது ஓடுவதற்கு வேண்டிய துணை நிரல்களையும் சேர்த்து ஒரே கொள்கலனாகக் கட்டினர். 2013இல் வெளிவந்த 'டொக்கர்' இந்த முறையைப் பரவலாக்கியது. ஒரு கொள்கலனைக் கையால் கவனிக்கலாம். ஆனால் ஒரு பெரிய சேவைக்கு நூற்றுக்கணக்கான கொள்கலன்கள் பல கணினிகளில் ஓடும். எது எங்கே ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அதற்காகக் கூகுள் 2014இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் அறிமுகம் செய்த தளமே 'குபர்னெட்டீஸ்'.

கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் கப்பலைச் செலுத்துபவர் என்று பொருள். தமிழில் அவரைச் சுக்கானி என்போம். சுக்கான் என்பது அரபியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். மாலுமி என்பதும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. கடலோடிகள் நம் மொழிக்குத் தந்த சொற்களில் ஒன்றே இந்தப் புதிய கருவிக்கும் பொருத்தமான பெயராக அமைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இந்தச் சுக்கானிக்கு நாம் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கிறோம். "இந்த நிரலின் இரண்டாம் பதிப்பு, அதன் ஐந்து படிகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்பதுபோல் அது அமையும். குறிப்பில் உள்ளதையும் நடப்பதையும் சுக்கானி இடைவிடாது ஒப்பிடுகிறது. ஒரு படி நின்றால் இன்னொன்றைத் தொடங்குகிறது. பெறுபேறு வெளிவரும் நாளில் ஐந்தை ஐம்பது என்று மாற்றினால், கணினிகளில் இடமிருக்கும்வரை ஐம்பதாக்குகிறது. புதிய பதிப்பைக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல் சிறிது சிறிதாக மாற்றுகிறது. நாம் வேறு அளவு சொல்லாதவரை, நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வேளையில் சேவையிலிருந்து விலக விடாது.

ஆயினும் சுக்கானிக்குக் குறிப்புத்தான் வேதவாக்கு. குறிப்பே பிழையென்றால் அந்தப் பிழையையும் விசுவாசமாக நிறைவேற்றும். பிழையைக் காணும் பொறுப்பு மனிதருடையது.

நாற்பத்தைந்து நிமிடம்

அந்தப் பொறுப்பு தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு, குபர்னெட்டீஸ் பிறப்பதற்கு முன்னர் நடந்த ஒரு சம்பவம் நல்ல பாடம். 'நைட் கெப்பிட்டல்' என்பது அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய பெரிய நிறுவனம். அது தனது எட்டுச் சேவையகங்களில் புதிய நிரலை வைக்க வேண்டியிருந்தது. ஏழில் வைக்கப்பட்டது, எட்டாவது விடுபட்டுவிட்டது. அதை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. விடுபட்ட சேவையகத்தில் 2003 முதல் பயன்படுத்தாத ஒரு பழைய நிரல் உறங்கிக் கிடந்தது. புதிய நிரலை இயக்கும் அதே சமிக்ஞை அந்தப் பழையதையும் எழுப்பிவிடும் என்பதை எவரும் கவனிக்கவில்லை.

2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி காலை சந்தை திறந்ததும் பழைய நிரல் கண்மண் தெரியாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் நிறுவனத்துக்கு ஏற்பட்ட நட்டம் 44 கோடி டொலருக்கும் மேல்.

இதில் இரண்டு விடயங்கள் நம் கவனத்துக்குரியவை. சந்தை திறப்பதற்கு முன்பே அந்நிறுவனத்தின் கணினி 97 மின்னஞ்சல்களைத் தானாக அனுப்பி, ஏதோ கோளாறு இருப்பதைக் காட்டியிருந்தது. அவற்றை ஓர் எச்சரிக்கையாக எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்ததாக, கோளாறு தெரிந்தபின் காரணத்தை அறியாமலே அவசரமாகச் சரியான ஏழு சேவையகங்களிலிருந்து புதிய நிரலை அகற்றினார்கள். அதுவரை ஒன்றில் மட்டும் விழித்திருந்த பழைய நிரல் எட்டிலும் விழித்துக்கொண்டது. ஒத்திகை இல்லாத வெளியீடு முதல் காயம். காரணம் தேடாத வைத்தியம் இரண்டாவது காயம்.

அடுக்குப் பார்த்தல்

நமது வாவியின் மேற்கே பழுகாமத்தை உள்ளிட்ட படுவான்கரைப் பகுதி வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்குப் பேர்பெற்றது. அண்ணாவியார் பல மாதங்கள் கூத்தைப் பழக்குவார். ஆனால் பழகி முடிந்த உடனேயே அரங்கேற்றிவிட மாட்டார்கள். அதற்கு முன்னர் அடுக்குப் பார்த்தல் என்றொரு கட்டம் உண்டு. தனித்தனியாகப் பழகிய எல்லாவற்றையும் சேர்த்து, முழுக் கூத்தையும் தொடக்கம் முதல் முடிவுவரை ஆடிப் பார்ப்பார்கள். யாருடைய வரவு பிந்துகிறது, எந்தத் தாளம் தடுமாறுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். ஊர் முழுவதும் கூடியிருக்கும்போது தெரிவதைவிட அப்போதே தெரிவது எவ்வளவோ மேல்.

மென்பொருளுக்கும் இத்தகைய அடுக்குப் பார்த்தல் படிப்படியாக நடக்கிறது.

முதற்படி, குறிப்பை மட்டும் பரிசோதித்தல். சுக்கானியிடம் குறிப்பைக் கொடுத்து, "இதை நிறைவேற்றாதே, நிறைவேற்றச் சொன்னால் ஏற்பாயா என்று மட்டும் சொல்" என்று கேட்கலாம். இதனை 'டிரை ரன்' என்பர். எழுத்துப்பிழையும் தவறான அமைப்பும் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும்.

இரண்டாவது, வேறுபாட்டைப் பார்த்தல். இப்போது ஓடுவதற்கும் புதிய குறிப்புக்கும் எந்தெந்த வரிகள் மாறுகின்றன என்பதை 'டிஃப்' என்ற கட்டளை வரிவரியாகக் காட்டும். ஒரு வரியை மாற்ற நினைத்தவருக்கு அங்கே பத்து வரிகள் மாறுவது தெரிந்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

மூன்றாவது, முன்னோட்டக் களம். புதிய மாற்றத்துக்கென்று தனியாக ஒரு 'நேம்ஸ்பேஸ்', அதாவது சுவர் வைத்துப் பிரித்த ஓர் அறை, ஒதுக்கப்படும். அங்கே முழு மென்பொருளும் ஓடும். அதற்கெனத் தற்காலிக முகவரியும் கிடைக்கும். உடன் பணிபுரிபவர்கள் அதைத் திறந்து, பயனாளியைப் போலவே பாவித்துப் பார்ப்பார்கள். மாற்றம் ஏற்கப்பட்டதும் அறை கலைக்கப்படும். 2005இல் தொடங்கப்பட்டு இலங்கையில் வளர்ந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் 'கோரியோ' போன்ற தளங்கள், ஒரு மென்பொருளைப் பரிசோதனைச் சூழலில் பார்த்தபின் உண்மைச் சூழலுக்கு உயர்த்தும் வசதியைக் குபர்னெட்டீஸின் மேல் அமைத்துத் தருகின்றன.

நான்காவது, சிறு பங்கினருக்கு மட்டும் திறத்தல். நூறு பேரில் ஐந்து பேரைப் புதிய பதிப்புக்கு அனுப்பி, அவர்களுக்குத் தடங்கல் இல்லையென்று கண்டபின் மற்றவர்களுக்குத் திறப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஒத்திகைக்காக உண்மையான நோயாளிகளின் விபரங்களையோ மாணவர்களின் புள்ளிகளையோ முன்னோட்டக் களத்தில் கொட்டிவிடக் கூடாது. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். ஒத்திகைக்குப் பொய்ப் பெயர்களும் பொய் எண்களும் போதும்.

வழு நாடல்

தமிழ் இலக்கணத்தில் வழுவை நாம் கற்றிருக்கிறோம். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என நன்னூல் வழுவை எழுவகையாகப் பிரிக்கிறது. வாக்கியம் பிழை என்று மட்டும் சொன்னால் மதிப்பெண் இல்லை. எந்த வழு என்று சொல்ல வேண்டும். கணினியில் வழுநீக்கலும் அப்படியே. "வேலை செய்யவில்லை" என்பது முறைப்பாடு மட்டுமே. எந்த வகை வழு என்று பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

குபர்னெட்டீஸ் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிலைச்சொல்லைக் காட்டுகிறது. 'பென்டிங்' என்றால் கொள்கலனை வைப்பதற்குக் கணினியில் இடம் கிடைக்காமல் காத்திருப்பதாக இருக்கலாம். 'இமேஜ் புல் பேக்ஓஃப்' என்றால் நிரலின் பொதியைக் களஞ்சியத்திலிருந்து எடுக்க முடியவில்லை; பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம், அல்லது அனுமதி இல்லாதிருக்கலாம். 'கிராஷ் லூப் பேக்ஓஃப்' என்றால் நிரல் தொடங்குகிறது, விழுகிறது, மீண்டும் தொடங்குகிறது. சுக்கானி அதை 10 விநாடி, 20 விநாடி, 40 விநாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கூட்டி எழுப்பிப் பார்க்கிறது. அந்த இடைவெளி வழமையாக 5 நிமிடத்தைத் தாண்டாது. 'ஓஓஎம் கில்ட்' என்றால் ஒதுக்கிய நினைவகத்துக்கு மேல் கேட்டதால் நிறுத்தப்பட்டது. எல்லாம் ஓடுவதாகக் காட்டியும் 'ரெடி' என்று வராவிட்டால், நிரல் உயிரோடு இருந்தும் பயனாளியை வரவேற்க இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது பொருள்.

நிலைச்சொல்லை அறிந்தபின் வரிசையாகச் செல்ல வேண்டும். 'டிஸ்கிரைப்' என்ற கட்டளை அந்தக் கொள்கலனுக்கு நடந்த நிகழ்வுகளைச் சொல்லும். இந்த நிகழ்வுக் குறிப்புகள் வழமையாக ஒரு மணித்தியாலமே வைக்கப்படும். ஆகவே உடனே வாசித்து எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து 'லொக்ஸ்': நிரல் தானே எழுதிவைத்த நாட்குறிப்பு. விழுந்து மீண்டும் எழுந்த நிரலென்றால், இப்போதைய நாட்குறிப்பில் ஒன்றும் இராது. விழுவதற்கு முன்னிருந்ததன் குறிப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இவையிரண்டும் போதாதபோதே கொள்கலனுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

பயனாளிகள் தவித்துக்கொண்டிருந்தால் முந்திய பதிப்புக்குத் திரும்பலாம். அதற்கு ஒரே கட்டளை போதும். ஆனால் திரும்புமுன் அடையாளங்களைச் சேகரித்துக்கொள்ள வேண்டும். திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் நைட் கெப்பிட்டலை நினைத்து ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாமல் போய்விடும்.

ஒரு சொல் மாறியதால்

2023 மார்ச் 14ஆம் திகதி உலகின் பெரிய உரையாடல் தளங்களில் ஒன்றான 'ரெடிட்' 314 நிமிடங்கள் செயலிழந்தது. அதன் பொறியியலாளர்கள் ஒரு குபர்னெட்டீஸ் தொகுதியை 1.23ஆம் பதிப்பிலிருந்து 1.24க்கு உயர்த்திய சிறிது நேரத்தில் இது நிகழ்ந்தது. தலைமைக் கணினிகளைக் குறிக்க முன்னர் 'மாஸ்டர்' என்ற அடையாளச்சொல் இருந்தது. புதிய பதிப்பு அதை நீக்கி 'கன்ட்ரோல் பிளேன்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தத் தொகுதியின் வலையமைப்போ பழைய சொல்லையே தேடியது. சொல் கிடைக்கவில்லை, வழிகள் அறுந்தன. அந்தப் பழைய அமைப்பு அவர்களின் மிகப் பெரிய, மிகப் பழைய தொகுதிகளில் மட்டுமே எஞ்சியிருந்தது. அதை அமைத்தவர்கள் வேறிடம் போய்விட்டிருந்தனர்.

ஆக, ஒத்திகை பார்ப்பது மட்டும் போதாது. ஒத்திகைக் களம் உண்மைக் களத்தை ஒத்திருக்க வேண்டும். எதை, ஏன் அப்படி அமைத்தோம் என்பதையும் பின்னால் வருபவருக்கு எழுதிவைக்க வேண்டும். ரெடிட் நிறுவனத்தார் தமக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டனர். அதனால்தான் நாமும் அதிலிருந்து கற்க முடிகிறது.

நமது பிள்ளைகளுக்கு

இவையெல்லாம் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்களுக்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 'மினிகியூப்' என்ற இலவச மென்பொருள் ஒரு சாதாரண மடிக்கணினிக்குள் சிறிய குபர்னெட்டீஸ் தொகுதியை உருவாக்கித் தருகிறது. இரண்டு செயலி மையங்கள், 2 ஜிபி நினைவக இடம், 20 ஜிபி சேமிப்பிடம் இருந்தாலே போதும். வேண்டுமென்றே பொதியின் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதி, என்ன நிலைச்சொல் வருகிறது என்று பார்க்கலாம். அங்கே எதை உடைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இத்தொழிலின் பெரும்பகுதியை நல்ல இணைய இணைப்புள்ள எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். வீட்டிலிருந்து கற்கவும் உழைக்கவும் விரும்பும் நம் பெண்பிள்ளைகளுக்கு இது பொருத்தமான துறை. இதற்கு வேண்டிய கணினி அறிவைப் பின்னர் தேடிக்கொள்ளலாம். கவனமாக வாசிப்பது, வரிசையாக யோசிப்பது, தெளிவாக எழுதுவது என்னும் மூன்றும் முதலில் வேண்டும். மூன்றையும் மொழிப் பாடத்திலேயே பழகுகிறோம்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் கைசேதப்படாதீர்கள் என்ற கருத்தை அல்குர்ஆனின் சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கிறது. மனிதரைப் பற்றிச் சொல்லப்பட்ட அந்த ஒழுக்கம் இயந்திரத்தின் முன் அமர்பவருக்கும் பொருந்தும். வெளியிடுமுன் அடுக்குப் பார்ப்போம். விழுந்தால், கைவைக்குமுன் வாசிப்போம். அடுத்த பெறுபேற்று நாளில் எங்கோ ஒரு வீட்டில் சுட்டெண்ணைக் கொடுத்துக் காத்திருக்கும் பிள்ளையின் திரை உடனே ஒளிர்வதற்கு, நம் மாணவியரில் ஒருத்தியின் பொறுமையான வாசிப்பும் காரணமாகட்டும்.